அசல் சத்தம்

"இந்த ரெக்கார்டுகளை எடைக்குப் போட்டாத்தான் எனக்கு உட்கார இடம் கிடைக்கும்" என்றான் மகன்.

வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவன். அவனுக்கு வாய்த்த அலுவலகம், சமையலறை மேஜையில் காய்கறிக் கூடைக்கும் மிக்ஸிக்கும் நடுவே. பக்கத்து அறையிலோ இசைத்தட்டுகள் சுவர் முழுக்க ராஜாங்கம் நடத்திக்கொண்டிருந்தன.

"கேசட் வந்துச்சு, போச்சு. சிடி வந்துச்சு, அதுவும் போச்சு. நின்னது ரெக்கார்டுதான்டா" என்றார் அப்பா.

"அது நிக்கலப்பா. நீங்க விடல."

"போன்ல வர்றதெல்லாம் பாட்டா? பிளாஸ்டிக் பூ!"

"கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா வித்தியாசம் சொல்லுவீங்களா?"

"தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்."

"தப்பாச் சொன்னா ரூமைக் காலி பண்ணணும்."

"பண்றேன். சரியாச் சொல்லிட்டா, நான் இருக்கிற வரைக்கும் நீ இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

அப்பாவுக்குக் கை நடுக்கம். தினமும் தட்டில் ஊசி வைப்பது அம்மாதான். பந்தயத்துக்கும் அவளையே கூப்பிட்டார்கள். மகனுக்கு உள்ளூரக் குஷி. 'இந்தக் குப்பையைத் துடைச்சே என் இடுப்பு ஒடிஞ்சுது' என்று வருஷக்கணக்காகப் புலம்புகிறவள் ஆயிற்றே, நம்ம கட்சிதான்!

இருவரையும் கூடத்தில் உட்கார வைத்துவிட்டு, அம்மா உள்ளே போய்த் திரையை இழுத்துவிட்டாள்.

பாட்டு கரகரவென்று ஆரம்பித்தது.

"ரெக்கார்டு! என்னா உசிரு பாருடா!"

"சரிதாங்க" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.

அதே பாட்டு மறுபடியும் வந்தது, துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக.

"சீ, போன்! முதல்ல அதை நிறுத்து."

"அதுவும் சரி."

அப்பா மீசையை முறுக்கிக்கொண்டு குளிக்கப் போனார். மகன் வயிற்றெரிச்சலோடு அறைக்குள் நுழைந்தான்.

இசைத்தட்டு தேமே என்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன் மேலிருந்த ஊசிக் கையைத் தூக்கிப் பார்த்தான். முனையில் ஊசியே இல்லை. ஸ்பீக்கரின் வயர் அம்மாவின் போனில் செருகியிருந்தது.

"அம்மா! இது என்ன?"

"கத்தாதே. ஊசி போன வருஷமே உடைஞ்சு போச்சு. அலையாத கடையில்ல, எங்கேயும் கிடைக்கல."

"அப்போ அப்பா தினமும் கேக்கிறது?"

"போன்லதான்."

"ரெண்டுமே போனா? அப்போ ஜெயிச்சது நான்தானே! இப்பவே போய்ச் சொல்றேன்."

அம்மா அவன் வாயைப் பொத்தினாள்.

"மனுஷனுக்கு மிச்சமிருக்கிற பெருமை அது ஒண்ணுதான்டா. போன்ல எல்லாப் பாட்டும் சுத்தமா வந்து தொலையுது. கரகரன்னு இருக்கிறதைத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ள எனக்கு உயிர் போகுது. கம்ப்யூட்டர்காரன்தானே நீ? நாளைக்கு நாலு தேடிக் கொடு!"