செத்தவன் சாட்சி

சாட்சிக் கூண்டில் வைத்திருந்த திரையில் வேலாண்டி வந்தான். அவன் செத்து மூன்று வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது போனில் பேசியதையெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்த்து, கோர்ட்டே அவனை மறுபடி பேச வைத்திருக்கிறது. அவனை வெட்டியதாக ஆயுள் தண்டனை வாங்கிய என் வீட்டுக்காரர் மாசானமும் அவர் தம்பியும் மேல்முறையீட்டுக்காக நின்றார்கள். மடைத் தண்ணீரில் தொடங்கிய எங்கள் இரண்டு குடும்பத்துப் பகை ஊருக்கே தெரியும்.

"உங்களை வெட்டியது யார்?" என்றார் நீதிபதி.

"மாசானமும் அவன் தம்பியுந்தாம்யா."

எங்கள் வக்கீல் எழுந்தார். "உங்க ஆடு செத்ததுக்கு?"

"மாசானந்தான்."

"போன வாரம் மழையில உங்க வீட்டுச் சுவர் விழுந்ததுக்கு?"

"அந்தப் பய மாசானந்தான் இடிச்சிருப்பான்."

"ஐயா, போன வாரம் மாசானம் ஜெயிலில் இருந்தார்!" என்று வக்கீல் கத்தினார்.

நீதிபதி தலையாட்டினார். "பகை எவ்வளவு ஆழமானது என்று தெரிகிறது. கொலைக்குக் காரணம் இதுதானே?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்போது வேலாண்டியின் மனைவி பிரம்மசக்தி எழுந்தாள். பயந்துபோய் முதல் விசாரணையில் வாயே திறக்காதவள்.

"ஐயா, வெட்டுனது மாசானம் இல்ல, எங்க வீட்டுக்காரரு கூடப் பொறந்த தம்பி. நான் கண்ணால பாத்தேன்."

கோர்ட்டே அவளைப் பார்த்தது. நீதிபதி பேனாவை எடுத்தார்.

"ஏ மூதி, ஆம்பளைங்க பேசுற எடத்துல ஒனக்கு என்ன? உக்காரு!" என்றது திரை.

அவள் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள்.