இரையாத பெட்டி

கிட்ட வாங்க கண்ணுகளா, சத்தம் போடாத ஒரு பெட்டியின் கதை சொல்கிறேன். எபனேசருடைய கேம் கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி, ஃபேன் சுற்றிச் சுற்றி ஓயாமல் இரைந்தது. "நாம என்ன மாவு மில்லுலயா குடியிருக்கோம்?" என்பாள் மனைவி ஷீபா. குழந்தை வயிற்றில் தங்காமல் போனபின் அவள் வாய்திறந்து கேலி பேசுவது அது ஒன்றுதான். அவளுக்காகவே புதிது வாங்கப் போனான்.

"கோல்டு எதுக்குண்ணே, விலை கம்மியான புரோன்ஸ் ரேட்டிங்கே போதும்," என்றான் கடைக்காரன்.

"கோல்டுதான் வேணும். கரண்ட் வீணாகாது, சூடும் கம்மி. ஃபேன் அவ்வளவா சுத்தாதாமே?"

"சுத்துறதே தெரியாதுண்ணே."

சாயங்காலமே மாட்டி விளையாட உட்கார்ந்தான். வீடு அமைதியாக இருந்தது. அப்போதுதான் அடுப்படியிலிருந்து அழுகை கேட்டது. தினமும் அழுது பழகியவளின் நிதானமான அழுகை. அவன் நாற்காலியை நகர்த்திய சத்தத்தில் அது சட்டென்று நின்றது.

ஷீபா துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தபடி வந்தாள். "ஏங்க, அந்தப் பழசையே மாட்டிடுங்களேன்."

எபனேசர் திருப்புளியைக் கையில் எடுத்தான், எடுத்தபடியே நின்றான்.

உங்கள் வீட்டில் எவர் அழுதாலும் அடுத்த அறைக்குக் கேட்கட்டும் கண்ணுகளா. நல்லா இருங்க.