விழாதவருக்குத்தான் சுடும்

உலகநாதனுக்குக் கொட்டாவி வந்தது. மறைக்கவில்லை. மேடையில் பிளெசி பேசுவது எவ்வளவு மட்டம் என்று ஹாலுக்கே தெரியட்டும்.

முன்வரிசையின் நடு நாற்காலி அவருடையது. ஆள் எடுக்கும் நாளென்றால் ஹைதராபாத்தின் மே மாத வெயிலிலும் கறுப்புக் கோட்டுதான். இந்த இயற்பியல் துறையில் அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எத்தனையோ வருடமாக அப்படித்தான்.

இவளுக்கும் அதே 'வேண்டாம்'தான். மல்காஜ்கிரி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண், தற்காலிக வேலையில் பல வருடமாக ஒட்டிக்கொண்டிருப்பவள். இன்றைய பேச்சு எடுபட்டால் வேலை நிரந்தரம். கருந்துளையாம், அதன் பக்கத்தில் வெற்றிடமே கொதிக்கிறதாம். பேச்சைப் பார்!

ஏசி முழுக் குளிரில் ஓடியது. பெண்கள் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். அவருக்கு மட்டும் கழுத்தில் வேர்வை வழிந்தது. ஏசியைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாத கழுதைகள்.

இரண்டாம் வரிசையில் மூன்று பேர் என்னவோ குறித்துக்கொண்டிருந்தார்கள். குறிக்கட்டும். வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்கும் தைரியம் உண்டா?

அவர் கேட்டார். ஆங்கிலத்தில் நடந்துகொண்டிருந்த கூட்டத்தில் வேண்டுமென்றே தமிழில் கேட்டார். வீட்டுப் பிள்ளையை அதட்டுவதுபோல் இருக்கும், அவளும் கூனிக்குறுகிப் போவாள்.

"ஒண்ணுமே இல்லாத இடத்துல சூடு எங்கேர்ந்தும்மா வரும்? உங்க வீட்டு அடுப்புலேர்ந்தா?"

தெலுங்குக்காரர்கள் திருதிருவென்று விழித்தார்கள். பிளெசி விழிக்கவில்லை.

"யாருக்குச் சூடுங்கிறதுதான் கேள்வி சார். பிடியை விட்டு உள்ள விழுறவருக்கு ஒண்ணும் தெரியாது. விழாம விளிம்புலயே நிக்கணும்னு ராக்கெட் இன்ஜினை முறுக்கிட்டே இருக்கார் பாருங்க, அவருக்குத்தான் சுடும். ஈர்ப்பை எதிர்த்து நிக்கிறதும் வேகத்தைக் கூட்டிட்டே போறதும் ஒண்ணுதான் சார்."

அதையே ஆங்கிலத்தில் மற்றவர்களுக்கும் சொன்னாள். இரண்டாம் வரிசை மூவரும் தலையாட்டினார்கள்.

பூம்பூம் மாடுகள்.

கைதட்டல் ஓய்ந்ததும் மூவரும் எழுந்து பக்கத்து அறைக்குப் போனார்கள். உலகநாதன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தார். 'வேண்டாம்' என்ற சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

வாசலில் ஆபீஸ் புஷ்பா குறுக்கே வந்து நின்றாள்.

"நக்கோ சார், வேண்டாம். உள்ள கமிட்டி மட்டும்தான். நீங்க உக்காருங்க, டீ தர்றேன்."

போன ஜூனில் அவர் ஓய்வுபெற்ற அன்று, இதே ஹாலில் போட்ட சந்தன மாலையை வாங்கி வந்ததும் அவள்தான்.

கதவு சாத்திக்கொண்டது. மேடையிலிருந்து இறங்கி வந்த பிளெசி அவரைப் பார்த்தாள்.

"கோட்டைக் கழட்டுங்க சார். முதுகெல்லாம் நனைஞ்சிருச்சு."

உலகநாதன் திறந்திருந்த மேல் பொத்தானையும் மாட்டிக்கொண்டார்.