மஹராக ஒரு வீடு

“மஹரா எனக்கு ஒரு ஊடு வேணும்.”

தேநீர் கொடுத்துவிட்டு நிமிர்ந்த ஸும்ரா முன் அறையில் எல்லோருக்கும் நடுவே இப்படிச் சொன்னாள். மாப்பிள்ளையின் உம்மா பஸீனா கடித்த மஸ்கட் இனிப்புத் துண்டை மெல்லாமல் அப்படியே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்த கையோடு மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். பெண்ணுக்காக வாப்பா பள்ளியில் ஒப்புக்கொடுக்கும் நிக்காஹ்வுக்கு நாள் குறிக்க வருகிறார்கள் என்றுதான் ஸும்ராவிடம் சொல்லியிருந்தார்கள். வாயைத் திறந்து மஹர் மட்டும் கேட்டுவிடாதே என்று உம்மா காலையிலிருந்து தலைப்பாடாய் அடித்துக்கொண்டிருந்தாள்.

மஹர் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது, அது அவள் உரிமை என்று மார்க்கம் சொல்லட்டும். கனமூலை ஊரில் எவளும் கேட்டதில்லை. ஒரு மோதிரம் வரும், அல்ஹம்துலில்லாஹ் என்று போட்டுக்கொள்ள வேண்டும். வீடு கொடுப்பது பெண் வீட்டார் வேலை.

அந்த வீட்டுக்காக வாப்பா முத்தலிபு வெங்காயத் தோட்டத்தை விற்றாயிற்று. கூரை ஏறிவிட்டது, பூச்சு மிச்சம். குடும்பத்தில் முதல் ஆளாய்ப் பட்டம் வாங்கியவள் ஸும்ரா, அதுவும் பொருளாதாரத்தில். ஆனாலும் இந்தக் கணக்கு அவளுக்கு விளங்கவேயில்லை. சாமானையும் கொடுத்து, அதை வைக்க வீடும் கட்டிக் கொடுக்கிற வியாபாரம் எந்தச் சந்தையில் நடக்கிறது?

மாப்பிள்ளை ஹுனைஸ் மௌலவி சீதனத்துக்கு எதிராக யூடியூபில் பயான் செய்து பேர் வாங்கியவர். கற்பிட்டியிலிருந்து கட்டார் வரை இதயம் போட ஆளிருந்தது. அந்நியப் பெண்ணின் விரல் படுவதே பாவம் என்று கண்ணீரோடு சொன்ன வீடியோதான் எல்லாவற்றையும் விடக் கூடுதலாக ஓடியது.

அதே மௌலவி சற்று முன் தேநீர்க் கோப்பையை அவள் விரல்களோடு சேர்த்துப் பிடித்து வாங்கினார். அவசரப்பட்டுக் கையை எடுக்கவுமில்லை. போனில் ஒரு மௌலவி, வீட்டில் ஒரு மௌலவி என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீங்க பயான்ல சொன்னதத்தான் கேக்குறன். சீதன ஊட்டுல படுக்குற ஆம்புள பிச்சக்காரன் எண்டீங்களே?”

மௌலவி சிரித்தார். பதில் அவருடைய உம்மாவிடமிருந்து வந்தது.

“அது போன்ல கதைக்கிற கதை மகள். ஊட்டுக்குச் சரிவராது.”

பிறகு பஸீனா வீடு கட்டுகிற சாமான் விலையைச் சொன்னாள், மகன் ஓதிப் படித்த கஷ்டத்தைச் சொன்னாள். ஸும்ராவின் டீச்சர் சம்பளம் மகன் கையால் செலவானால்தான் அதில் அல்லாஹ்வின் பரக்கத் இருக்கும் என்றும் சொல்லிவைத்தாள்.

ஸும்ரா வாப்பாவைப் பார்த்தாள். ஒரு சொல், ஒரேயொரு சொல் வரும் என்று பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றி மடித்தார், விரித்தார், திரும்பவும் மடித்தார்.

இனி யாரிடம் கேட்பது? அறைக்குள் போய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். சிலாபத்தில் ஒரு தோழியின் அறை இருக்கிறது, திங்கட்கிழமை போக ஸ்கூல் இருக்கிறது. அது போதும்.

“எனக்கு இந்தக் கலியாணம் வாணாம். நான் முடிவெடுத்திட்டன்.”

திரைக்குப் பின்னால் உம்மா விம்மினாள். வந்தவர்களில் ஒருவர்கூட எழும்பவில்லை. பஸீனா மற்ற மஸ்கட் துண்டை எடுத்தாள்.

ஸும்ரா முற்றத்து மணலை மிதித்துக்கொண்டு போய்க் கேற்றைத் திறந்தாள். றோட்டில் கால் வைத்தபோது வாப்பா பின்னால் வந்தார். அவளுடைய முகத்தைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்.

“நீ இப்பிடிக் கதைப்பாய் எண்டுதான் மகள், இண்டைக்கு ஜும்மாவோடயே பள்ளியில வெச்சு ஒன்ட நிக்காஹ முடிச்சிட்டன்.”