ஆமை மாப்பிள்ளையின் கல்யாணப் படம்

நம்பினால் நம்புங்கள், ஆமை வைத்தியின் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் முகத்தையே காணோம். படமெடுத்த குரங்கு "சிரிங்க சார்!" என்று கத்தியதில் அவன் தலை ஓட்டுக்குள் போய்விட்டது.

"இவர் முகம் தெரியிற மாதிரி ஒரே ஒரு கல்யாணப் படம் வேணும்," என்று மணப்பெண் தையல்நாயகி மூக்கை உறிஞ்சினாள்.

குரங்கை அனுப்பிவிட்டு, கூச்சக்கார நத்தையை அழைத்தார்கள்.

"அவசரமே இல்லை மாப்பிள்ளை, தலை தானா வரட்டும்," என்று நத்தை கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்தது. வைத்தி தலையை நீட்டினால் நத்தை உள்ளே போய்விடும். நத்தை எட்டிப் பார்த்தால் வைத்தி உள்ளே.

ஒருநாள் இரண்டு பேரும் ஒன்றாக எட்டிப் பார்த்தார்கள். படம் பதிந்தது. அன்றைக்கு வைத்திக்கு அறுபதாம் கல்யாணம். சுற்றிலும் பேரன் பேத்திகள்.

"எவ்வளவு அழகா இருக்கார் பாருங்க!" என்று தையல்நாயகி பூரித்துப்போனாள்.

நத்தை கொம்பைத் துடைத்துக்கொண்டு கேட்டது: "அடுத்து வளைகாப்புப் படம். எப்ப வரட்டும், தங்கச்சி?"