கேசட் அட்டையில் குணேஸ்வரி

பிரிக்பீல்ட்ஸ் கேசட் கடைக்குள் மத்தியான வெயில் பாதித் தரைவரை ஏறி நிற்கிறது. கண்ணாடிப் பெட்டியில் புதுக் கேசட்டை அடுக்கியிருக்கிறார்கள். அட்டையில் ஜிகினாச் சட்டை போட்ட ஆறு ஆட்டக்காரர்கள், நடுவில் குணேஸ்வரி. பழைய பாட்டுகளை அவளுடைய நடனக் குழு சிந்தசைசரில் புதிதாகப் போட்டிருக்கிறது. ஸ்பீக்கரில் முதல் பாட்டு ஓடுகிறது. மிஷின் டிரம் தகரத்தைத் தட்டுவதுபோல் சீராக விழ, அதன்மேல் ஒரு பெண்குரல் வழுக்கிக்கொண்டு போகிறது. அது குணேஸ்வரியின் குரல் இல்லை. அவள் ஆடிக்கொண்டே பாடிப் பழகியவள். ஸ்டூடியோவில் ஆடினால் மைக்கில் மூச்சும் காலடியும் விழுந்தன. அசையாமல் நின்றால் தாளம் தப்பியது. குழுவின் கீபோர்டுக்காரன் வேறொருத்தியைக் கூட்டிவந்து பாடவைத்தான். "முகம் உன்னோடதுதானே, சும்மா இரு லா," என்றான். இருந்துவிட்டாள். வீட்டிலும் சொல்லவில்லை. இப்போது அம்மா நேசம்மா ஸ்பீக்கருக்குக் கீழே தலையைச் சாய்த்துக் கேட்கிறாள். தினமும் குசினியில் சமைத்தபடி மகள் பாடக் கேட்கும் காது அது. முதல் சரணம் முடிவதற்குள் அவள் விரல்கள் குடைக்காம்பில் இறுகுகின்றன. "அம்மா, அது வந்து..." என்று குணேஸ்வரி தொடங்க, கடைக்காரர் பாலன் முந்திக்கொள்கிறார். "ஆன்டி, பாடுறது உங்க மகளா? சும்மா தேனா ஒழுகுது லா!" கடையில் நிற்கும் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். நேசம்மா மகள் பக்கம் திரும்பவேயில்லை. "ஓம் தம்பி, என்ர பிள்ளைதான். சின்னனிலயே இப்பிடித்தான் பாடுவாள்." பொய் சொல்லிப் பழகாதவள், சொல்லி முடித்ததும் குடையை மறுகைக்கு மாற்றிக்கொள்கிறாள். குணேஸ்வரி எல்லோருக்கும் சேர்த்துச் சிரிக்கிறாள். பாலன் சத்தத்தைக் கூட்டுகிறார்.