கேட்டாலும் கொடுக்காதே

ஷாமளா வாசல் குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காரும் முன்பே லோஷினி ஆரம்பித்துவிட்டாள்.

"மிஸ்ஸி, நீங்க சொல்லப்போறது எல்லாத்தையும் தேன்மொழி அக்கா முன்னாடியே சொல்லிட்டாங்க."

ஷாமளா சிரித்துக்கொண்டாள். கிளினிக்கிலிருந்து பிள்ளை பெற்றவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்துவரும் நர்ஸ் அவள். செனாய் வட்டாரத்தில் எந்தத் தாமான் குடியிருப்புக்குப் போனாலும் அவளுக்கு முன்னால் யாராவது ஓர் அக்கா வந்து யோசனை சொல்லிவிட்டுப் போயிருப்பாள். பச்சைப்பிள்ளை கொழுகொழுவென்று வர பாலில் மாவைக் கரைக்கச் சொல்லியிருப்பாள். அதையெல்லாம் முகம் கோணாமல் கேட்டு, எது ஆபத்து, எது பரவாயில்லை என்று பிரித்துச் சொல்வதிலேயே பாதி நேரம் போய்விடும்.

"என்ன சொன்னாங்க? சொல்லு, பார்ப்போம்."

நாக்கில் தேன் தடவவே கூடாதாம். ஒரு சொட்டுகூட.

சரிதான், என்றாள் ஷாமளா.

குப்புறப் போட்டுத் தூங்கவைக்கக் கூடாதாம். மல்லாத்தித்தான் போட வேண்டுமாம், பக்கத்தில் தலையணை இல்லாமல். டின் பாலில் தண்ணீரைக் கூட்டிக் கலக்கக் கூடாதாம்.

அத்தனையும் சரி. ஷாமளாவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"யாரு அவங்க? நர்ஸா?"

இல்லை. பின்சந்துக்கு எதிர்வீட்டில் வாடகைக்கு இருப்பவள். முப்பத்தைந்து வயதிருக்கும், தனி ஆள். ஃபேக்டரியில் இரவு ஷிப்டு என்பதால் பகலில் வீட்டில்தான் இருப்பாள். லோஷினியின் புருஷன் விடிவதற்குள் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவான். தேன்மொழிதான் துணை. தினமும் வருவாள். தொட்டிலுக்கு எட்டி நின்றே பார்ப்பாள். விரலால்கூடத் தொடமாட்டாள்.

"ஒண்ணுதான் மிஸ்ஸி எனக்குச் சிரிப்பா வந்துச்சு. 'நான் கேட்டாலும் பிள்ளைய என் கையில கொடுத்திடாதே'ன்னாங்க."

ஷாமளா நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்பவாவது கேட்டாங்களா?"

"இன்னைக்குத்தான் முதல் தடவையா கேட்டாங்க. பாவம்லா, எவ்வளவு உதவி பண்றாங்க! கொடுத்தேன். பின்னாடி குசினியில, அடுப்புப் பக்கம் வச்சிருக்காங்க."

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து பிள்ளையின் சத்தமே கேட்கவில்லை என்பது அப்போதுதான் ஷாமளாவுக்கு உறைத்தது.

நடக்கத்தான் எழுந்தாள். பாதி வழியில் ஓடினாள்.

குசினிச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள் தேன்மொழி. பிள்ளையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். மழைக்குளிரிலும் அவள் முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"சீக்கிரம் வாங்கிக்குங்க மிஸ்ஸி," என்றாள், உதடு அசையாமல். "நான் இன்னும் ஒண்ணும் பண்ணல."

ஷாமளா பிடுங்காத குறையாக வாங்கினாள். பிள்ளையின் மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. பிள்ளை தூக்கத்தில் வாயைக் குவித்துச் சப்புக்கொட்டியது.

பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தேன்மொழியைப் பார்த்தாள்.

"தேன், தலையணை, டின் பால்… இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்கயும் போய்க் கத்துக்கல மிஸ்ஸி. ஒவ்வொண்ணும் ஒரு பிள்ளைகிட்ட கத்துக்கிட்டது."

தையல் வலியோடு சுவரைப் பிடித்துப் பிடித்து லோஷினி அப்போதுதான் வந்து சேர்ந்தாள். கடைசிப் பேச்சு மட்டும்தான் அவள் காதில் விழுந்திருந்தது. முகம் மலர்ந்துபோனது.

"அலமாக், உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா அக்கா? சொல்லவே இல்லையே!"

"இருந்தாங்க," என்றாள் தேன்மொழி.

பிள்ளையைக் கொடுத்த பிறகும் அவள் கைகள் மடங்கியபடியேதான் இருந்தன. மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள்.